ஆஸ்திரேலியாவைப் பிடிச்சும் தோத்துக்கிட்டே இருக்கேன், ரிஸ்க் ஆட்டத்துல எங்க தப்பு?

உளுந்துப்படை (ரங்கூன்):

வணக்கம். ரிஸ்க், அதான் உலகப்படம் போட்ட அட்டையில படை வெச்சு, பகடை வீசி நாடு பிடிக்கிற ஆட்டம், ஆடத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. நாலு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தோக்குறேன். சும்மா தோத்தாலும் பரவால்ல. முக்கால்வாசி ஆட்டம் வரைக்கும் நான்தான் ஜெயிக்கப் போற மாதிரி இருக்கும், அப்புறம் ஒரே முறையில என்னைத் துடைச்சுப் போட்டுடுறாங்க.

பெட்டி பன்சொடான் தெரு நடைபாதையில, பழைய புத்தகத்துக்கு நடுவுல கிடந்தது. அட்டையும் சீட்டும் பகடையும் முழுசா இருந்துச்சு, படைக் காய்தான் பாதிக்கு மேல காணோம். நான் வேலை பாக்குறது பயின்னவுங் சந்தையில ஒரு பயறுத் தரகர் கடையில. அப்புறம் காய்க்கு என்ன பஞ்சம்? எனக்கு உளுந்து, மச்சானுக்குத் துவரை, அக்காவுக்குக் கொண்டைக்கடலை, சித்தப்பாவுக்குப் பச்சைப்பயறு, எதிர்வீட்டு பர்மியத் தம்பிக்குத் தட்டைப்பயறு. பத்துப் படைக்கு ஒரு புளியங்கொட்டை. கரண்ட் போய் மெழுகுவத்தி ஏத்திட்டா மட்டும் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நேரத்துல சித்தப்பா படை கொஞ்சம் கூடிடும். பெரியவர், கேக்க முடியாது.

என் வழி எப்பவும் ஒண்ணுதான். மூணாவது சுத்துக்குள்ள ஆஸ்திரேலியாவைப் பிடிச்சுடுவேன். நாலே நாடு, ஒரே வாசல். இந்தோனேசியாவுல படையைக் குவிச்சு உக்காந்துடுவேன். கண்டத்தை முழுசா வெச்சிருக்கிற போனஸையும் சேர்த்து முறைக்கு 5 படை வரும். வெளியில போகணும்னா சயாம் வழியாத்தான் போகணும், ஆனா அங்க சித்தப்பா இருக்காரு. எங்க அட்டையில பர்மான்னு தனியா நாடு இல்ல, சயாம்ங்கிற பேருக்குள்ள நம்ம ஊரும் அடங்கிடுச்சு. அதனால அவருக்கு அது விட்டுக்கொடுக்க முடியாத இடம். "பொறந்த மண்ணுடா"ன்னு சொல்லி இருபதுக்கு மேல பயறைக் கொட்டி வெச்சிருப்பாரு. நானும் மரியாதைக்குத் தொடுறதில்ல.

போன ஞாயிறு நடந்தது இது. இந்தோனேசியாவுல என்கிட்ட 31 படை, மூணு புளியங்கொட்டையும் ஒரு உளுந்தும். மச்சான் வட அமெரிக்காவுல. "நீ அங்கயே இரு மாப்ள, நான் உன்னைத் தொட மாட்டேன்"னு சத்தியம் பண்ணாரு. அதுவரைக்கும் எல்லாருமாச் சேர்ந்து ஆறு செட்டு மாத்தியாச்சு (செட்டுன்னா, பொருந்துற மூணு சீட்டைக் கொடுத்துப் படை வாங்குறது). மச்சான் கையில 5 சீட்டு, மாத்தினாரு, 20 படை. நேரா போய் அக்காவைக் காலி பண்ணாரு. (கட்டின பொண்டாட்டியை! அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சீண்டினதே இல்ல.) அக்கா கையில இருந்த 4 சீட்டும் இவருக்கு வந்துச்சு, உடனே இன்னொரு செட்டு, 25 படை. அடுத்து எதிர்வீட்டுத் தம்பி, அவன்கிட்ட 3 சீட்டு. மறுபடி ஒரு செட்டு, 30. ஒரே முறையில 75 படை! சித்தப்பா ஒரு பக்கம் பிடிவாதமா நின்னாரு, நான் ஒரு பக்கம். ரெண்டு பேரும் போயிட்டோம். அப்ப என் கையில இருந்தது ஒரே ஒரு சீட்டு.

ஆஸ்திரேலியா பிடிக்கிறதே தப்பா? அக்கா மச்சான் கூட்டணியை எப்படி உடைக்கிறது? சீட்டை எப்ப மாத்தணும்?

பகடைக்கணக்கு (மண்டலே):

உங்க தப்பு உங்க கடைசி வரிக்கு முன்னாடி வரியிலயே இருக்கு. ஒரே ஒரு சீட்டு. ஏன் ஒண்ணு? ஒரு முறையில குறைஞ்சது ஒரு நாட்டையாவது பிடிச்சாத்தான் சீட்டு. நீங்க நாலஞ்சு முறையா யாரையும் அடிக்கல. சரிதானே?

ஆஸ்திரேலியா போனஸ் முறைக்கு 2. ஆறு சுத்து உக்காந்திருந்தா 12 படை. மச்சான் மூணு செட்டுல எடுத்தது 75. செட்டு மதிப்பு 4, 6, 8, 10, 12, 15ன்னு ஏறி, அப்புறம் அஞ்சஞ்சா கூடிக்கிட்டே போகும். முதல் ரெண்டு செட்டுல ஒண்ணும் இல்ல, ஏழாவதுல இருந்து சீட்டுதான் ஆட்டம்.

கையில 5 சீட்டு இருந்தா செட்டு கட்டாயம் சேரும். 4 இருந்தாலே முக்கால்வாசி நேரம் சேரும். அதனால நாலு சீட்டு வெச்சுக்கிட்டு பலவீனமா நிக்கிறவர் யாருன்னு பாருங்க. உங்க கையில 2 இருந்து அவரைக் காலி பண்ணினா மொத்தம் 6. ஆறு சேர்ந்துட்டா அந்த முறையிலயே மாத்தணும்ங்கிறது விதி. மச்சான் பண்ணது அதுதான். அது அதிர்ஷ்டம் இல்ல, அவர் எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு.

பகடைக் கணக்கும் சொல்லிடுறேன். மூணு பகடை போட்டு ரெண்டு பகடையை அடிக்கும்போது: எதிராளிக்கு ரெண்டும் போறது 37%, ஆளுக்கு ஒண்ணு போறது 34%, உங்களுக்கு ரெண்டும் போறது 29%. சமமா விழுந்தா காக்கிறவருக்குத்தான், அதையும் மீறி மூணு பகடை அடிக்கிறவர் பக்கம் சாயும். ஒத்தைப் படை நிக்கிற நாட்டை மூணு பகடையால அடிச்சா ஒரு வீச்சுல ஜெயிக்கிறது 66%. ஆனா உங்ககிட்டயும் ரெண்டு பகடைக்கு மட்டும் ஆள் இருந்து அவரும் ரெண்டு போட்டா, ரெண்டையும் இழக்கிறது 45% ஆயிடும். படை மூணா குறைஞ்சதும் நிறுத்திடுங்க. ரோஷத்துல இன்னும் ஒரு தடவைன்னு வீசுறவங்கதான் காலியாவாங்க.

சங்கிலியா அடிக்கப் போறீங்கன்னா மனக்கணக்கு இது: ஒத்தைப் படை நாட்டுக்கு ஒன்றரை, இரட்டைப் படை நாட்டுக்கு இரண்டரை. விட்டுட்டுப் போக வேண்டிய ஒரு படையும் அதுக்குள்ள அடக்கம். பத்து நாடு, எல்லாம் ஒத்தைன்னா 15, கொஞ்சம் கூடவே வெச்சுக்கிட்டு இறங்குங்க.

உங்க 31 உளுந்து விலை ஏறும்னு கடையில போட்டு வெச்ச மூட்டை மாதிரி இருந்திருக்கு. வண்டு வந்துடுச்சு.

மோல்மீன் தாத்தா:

தம்பி, எனக்கு வயது 71. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். மழைக்காலத்தில் மோல்மீனில் வெளியே தலைகாட்ட முடியாது, இப்போது பேரன்களோடு ஆடுகிறேன்.

மேலே கணக்குச் சொன்ன பிள்ளை சொன்னது சரி. ஆனால் ஆஸ்திரேலியாவை நான் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் படையை நிறுத்திய இடம்தான் குறை. வீட்டைக் காக்கிறவன் நடுக்கூடத்தில் உட்கார்ந்து காப்பானா, திண்ணையில் உட்கார்ந்து காப்பானா? உங்கள் திண்ணை சயாம். அங்கே நின்றால் இந்தியாவையும் தொடலாம், சீனாவையும் தொடலாம். முறைக்கு ஒரு நாட்டைத் தட்டி ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அங்கே இருக்கும்வரை ஆசியாவை யாரும் முழுதாகப் பிடிக்கவும் முடியாது. பின்னால் இருக்கும் நான்கு நாடுகளிலும் ஒவ்வொரு படை போதும். மரியாதைக்குச் சித்தப்பாவைத் தொடுவதில்லை என்கிறீர்கள். ஆட்டத்துக்கு உட்கார்ந்த பிறகு சித்தப்பா என்ன, பெரியப்பா என்ன?

இன்னொன்று. சயாம் கையில் வந்ததும் ஆசியா முழுவதும் வேண்டும் என்று தோன்றும். 12 நாடு, 7 படை போனஸ். வேண்டாம். அதற்கு வாசல் ஐந்து: கம்சாட்கா, சயாம், மத்தியக் கிழக்கு, ஆப்கானிஸ்தான், யூரல். என் பாட்டனார் ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளை. அவர் சொல்லி என் தகப்பனார் சொன்ன கதை ஒன்று உண்டு. செட்டியார்கள் வட்டிக்குக் கொடுக்க வந்தவர்கள், நிலம் வாங்க வந்தவர்கள் அல்லர். 1930 வாக்கில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவனால் கட்ட முடியவில்லை, நிலம் வந்து இவர்கள் மடியில் விழுந்தது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார் கையில். 1938-ல் 25 பங்கு. கேட்டால் பெரிய ராஜ்ஜியம் போலத் தெரியும். ஆனால் ஊர் முழுக்கப் பகை, காவலுக்கு ஆள் இல்லை, விற்கவும் வழியில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது பெட்டகச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு அசாம் பாதையில் நடந்தவர்கள் உண்டு என்பார் தகப்பனார். பிறகு 1948-ல் நிலம் அரசுடைமைச் சட்டம். அட்டையில் ஆசியா பிடிக்கிறவனைப் பார்த்தால் எனக்கு அந்தச் சாவிதான் ஞாபகம் வரும்.

ஏன் சயாம் என்று போட்டிருக்கிறது என்றால், இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஆல்பர்ட் லமொரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர். 1957-ல் அங்கே வெளிவந்தது, 1959-ல் அமெரிக்காவில் ரிஸ்க் என்ற பெயரில் போட்டார்கள். சயாம் என்ற நாடு 1939-லேயே தாய்லாந்து ஆகிவிட்டது. பர்மாவோ 1948-லேயே சுதந்திர நாடு. அட்டை வரைந்தவர்களுக்கு அது பொருட்டில்லை. உங்கள் சித்தப்பாவின் கோபம் நியாயமானதுதான். அதற்காக அவரை அடிக்காமல் விடுவது நியாயம் ஆகாது.

உளுந்துப்படை (ரங்கூன்):

தாத்தா, பகடை அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. வண்டு விஷயம் சுருக்குன்னு குத்துச்சு.

ஆனா சித்தப்பாவை அடிக்கிறது நடக்காத காரியம். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தெரியாத்தனமா எதிர்வீட்டுத் தம்பி சயாமை அடிச்சுட்டான். சித்தப்பா ஒண்ணும் சொல்லல. கைலியை இறுக்கிக் கட்டிக்கிட்டு எழுந்து டீக்கடைக்குப் போனவர் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்தாரு. அப்பா போனப்புறம் எங்களை வளர்த்தவர் அவர். அட்டையில ஒரு நாட்டுக்காக அவர் மூஞ்சி சுருங்கறதை என்னால பாக்க முடியாது. வேற வழி இருக்கா?

தட்டோன் அக்கா:

தம்பி, இவ்வளவு நேரம் படிச்சுட்டு சும்மாதான் இருந்தேன். இந்தக் கடைசிப் பதிவுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல. நல்ல பிள்ளை.

சயாம்ல சித்தப்பா, அவரை அடிக்கவும் மாட்டீங்க. அப்படின்னா ஆஸ்திரேலியா உங்களுக்குக் கோட்டை இல்ல, ஜெயில். ஒரே வாசல்னு நீங்க பெருமையா சொல்றீங்களே, அந்த வாசல்ல பூட்டு போட்டது சொந்த சித்தப்பா. அங்க போகவே போகாதீங்க. தாத்தா கோவிச்சுக்கக் கூடாது, அவர் சொன்னது ஆட்டத்துக்குச் சரி, உங்க வீட்டுக்குச் சரி வராது.

தென் அமெரிக்காவைப் பிடிங்க. அதுவும் நாலு நாடு, அதே 2 போனஸ். வாசல் ரெண்டு: வெனிசுவேலாவுல இருந்து மத்திய அமெரிக்கா, பிரேசில்ல இருந்து வட ஆப்பிரிக்கா. காக்கிறதுக்குக் கொஞ்சம் கஷ்டம், ஆனா ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் போய் சீட்டு எடுக்கலாம். சீட்டுக்காக அடிக்கும்போது ஒத்தைப் படை நாடாப் பாத்து ஒண்ணே ஒண்ணு, அதோட நிறுத்திடணும். எங்க வீட்டுல என் கொழுந்தன்கிட்ட நான் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு ஏற்பாடு உண்டு. நடுவுல ஒரு நாட்டுல ரெண்டு பேருமே ஒத்தைப் படைதான் வெப்போம். அவர் முறைக்கு அவர் எடுப்பாரு, என் முறைக்கு நான் எடுப்பேன். ரெண்டு பேருக்கும் சீட்டு, யாருக்கும் பெரிய நட்டம் இல்ல. மொய் மாதிரி.

இப்ப கூட்டணி விஷயம். அதை உடைக்கணும்னு ஏன் நினைக்கிறீங்க? அது கடைசியில எப்படி உடைஞ்சுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அக்கா சீட்டைச் சேர்க்குது, மச்சான் அக்காவை அறுவடை பண்றாரு. அக்காவுக்கே அது தெரியல, பாவம். அந்த அறுவடையை அவருக்கு ஒரு முறை முன்னாடி நீங்க பண்ணிடணும். அதாவது உங்க அக்காவை முதல்ல நீங்கதான் கொல்லணும். மன்னிச்சுக்கோங்க, வேற மாதிரி சொல்லத் தெரியல.

அதுக்கு முன்னாடி ஒரு காரியம் செய்யுங்க. அவங்க நாடுகளை எந்த வரிசையில எடுக்கப் போறீங்கன்னு கண்ணாலயே ஓட்டிப் பாருங்க. கை எடுக்காம போடுற கம்பிக் கோலம் மாதிரி ஒரே இழுப்புல முடியணும். உதாரணத்துக்கு ஆப்பிரிக்கா. வட ஆப்பிரிக்கா, காங்கோ, தென் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்துன்னும் போகலாம். வட ஆப்பிரிக்கா, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் ஆப்பிரிக்கா, காங்கோன்னும் போகலாம். ஆனா காங்கோ, தென் ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கான்னு போயிட்டு மடகாஸ்கர் பக்கம் திரும்பினீங்கன்னா அங்கயே மாட்டிக்குவீங்க, எகிப்து மிச்சம் நிக்கும். ஒரே ஒரு நாடு மிச்சம் இருந்தாலும் அக்கா உயிரோட இருக்கு, சீட்டு உங்களுக்கு வராது. நீங்க பாதி வேலையை முடிச்சு வெச்சா மீதியை மச்சான் முடிச்சு சீட்டை அள்ளிக்குவாரு.

பகடைக்கணக்கு (மண்டலே):

கோலக் கணக்கு அருமை. என் பையனுக்கு இனிமே அப்படித்தான் சொல்லிக் கொடுக்கப் போறேன்.

உளுந்துப்படை (ரங்கூன்):

நேத்து ஆட்டம் முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னும் சொல்ல முடியாது. எழுதுறேன்.

நாடு பங்கு போட்டதுல எனக்கு பெருவும் வெனிசுவேலாவும் வந்துச்சு. ரெண்டாவது சுத்துலயே தென் அமெரிக்கா முழுசும் என் கையில. ஆஸ்திரேலியாப் பக்கம் நான் திரும்பாததைப் பாத்து மச்சான், "என்ன மாப்ள, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாரு. வழக்கம் போல வட அமெரிக்காவுல அவர், இந்தத் தடவை ஆப்பிரிக்காவுல அக்கா. புருஷன் ஒரு வாசல்ல, பொண்டாட்டி ஒரு வாசல்ல, நடுவுல நான். உள்ளுக்குள்ள பயம்தான். ஆனா முறைக்கு ஒரு நாடு, முறைக்கு ஒரு சீட்டுன்னு அதை மட்டும் விடல.

அஞ்சு செட்டு மாத்தி முடிஞ்சிருந்தப்ப எண்ணிப் பாத்தேன். அக்கா கையில 4 சீட்டு, என் கையில 2. வட ஆப்பிரிக்காவுல 5 கடலை, மத்த அஞ்சு நாட்டுலயும் ஒவ்வொண்ணு. பிரேசில்ல என்கிட்ட 17. பகடை அண்ணன் கணக்குப்படி ஒத்தை நாடு அஞ்சுக்கு ஏழரை, வட ஆப்பிரிக்காவுக்கு ஒரு அஞ்சு, பிரேசில்ல விட்டுட்டுப் போக ஒண்ணு. பதினாலுக்குள்ள முடியணும். கோலத்தைக் கண்ணாலயே போட்டுப் பாத்துட்டு இறங்கினேன். வட ஆப்பிரிக்காவுல 3 போச்சு. எகிப்து சும்மா கிடைச்சுது. கிழக்கு ஆப்பிரிக்காவுல ஒண்ணு. மடகாஸ்கர்ல அக்கா வீசின ஒத்தைப் பகடை ரெண்டு தடவை ஆறு! ரெண்டு உளுந்து போச்சு. அக்கா கை தட்டுச்சு, மூணாவது வீச்சுலதான் பிடிச்சேன். தென் ஆப்பிரிக்கா சும்மா, காங்கோவுல ஒண்ணு. காங்கோவுல போய் நிக்கறப்ப கையில 4 உளுந்து. அக்கா ஒண்ணும் பேசாம நாலு சீட்டையும் என் முன்னாடி வெச்சுட்டு லப்பெத்தோ (புளிச்ச தேயிலைக் கலவை) பிசைய எழுந்து போயிடுச்சு.

ஆறு சீட்டு, அங்கயே மாத்தினேன், 15 படை. வெனிசுவேலாவுல வெச்சு மத்திய அமெரிக்காவை அடிச்சேன். மச்சான் அங்க 8 துவரை வெச்சிருந்தாரு. 6 போச்சு எனக்கு, ஆனா நாடு வந்துடுச்சு, அவருக்கு வட அமெரிக்கா போனஸ் உடைஞ்சுது. அதோட நிறுத்திட்டேன். நாலு மாசத்துல முதல் தடவையா மச்சான் மூஞ்சியில சிரிப்பு இல்ல.

அவர் முறை வந்துச்சு. கையில 5 சீட்டு. மூணை எடுத்துக் கீழ வெச்சு, "இருபது"ன்னு சொல்லி துவரையை எண்ண ஆரம்பிச்சாரு. பதினொண்ணோ பன்னெண்டோ எண்ணிருப்பாரு. கரண்ட் வந்துச்சு. எல்லாரும் வழக்கம் போல ஓன்னு கத்தினோம். மேல ஃபேன் சுவிட்சை யாரும் அணைச்சு வெக்கல.

பயறு அசையல. சீட்டு மொத்தமும் பறந்துடுச்சு. கையில இருந்தது, கட்டுல இருந்தது, மாத்திப் போட்டது எல்லாம் ஒண்ணாக் கலந்து, ரெண்டு லப்பெத்தோ தட்டுக்குள்ளயே விழுந்துச்சு. மச்சான் தன் சீட்டு எதுன்னு ஒண்ணு சொல்றாரு, நான் ஒண்ணு சொல்றேன். பொறுக்கிக் கொடுத்த எதிர்வீட்டுத் தம்பி மூணாவதா ஒண்ணு சொல்றான். கடைசியில ஆட்டம் செல்லாதுன்னு சித்தப்பா தீர்ப்பு சொன்னாரு. அவர் முன்னாடி சயாம்ல 22 பச்சைப்பயறு, தொட்டது தொட்டபடி இருந்துச்சு.

அக்கா இன்னும் என்கூடப் பேசல.

தட்டோன் அக்கா:

நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு மட்டும் அக்காகிட்ட சொல்லிடாதீங்க.

பகடைக்கணக்கு (மண்டலே):

வெனிசுவேலாவுல வெச்ச 15 சரி, எண்ணிக்கையில தப்பில்ல. அடுத்த ஞாயிறு உக்காரறதுக்கு முன்னாடி ஃபேன் சுவிட்ச் மேல ஒரு டேப் ஒட்டிடுங்க.